வெல்டரம்மா வளைத்த குழாய்

என்னங்க,

நானும் சின்னவளும் அத்தையும் இங்கே நலம். நீங்கள் அங்கே முதலாளியின் ஷெட்டில் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்று உங்கள் செய்திகளைப் படித்தாலே தெரிகிறது, அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்கிறீர்கள். செய்தி அனுப்பினால், கையெல்லாம் கிரீஸ் என்று, கூட வேலை பார்க்கிற உங்கள் வெல்டரம்மாவைப் படிக்கச் சொல்கிறீர்கள். போன வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன், பதில் அந்த அம்மாவின் குரலில் வந்தது. கவலைப்படாதீங்க அக்கா என்றாள். நான் எப்போது அவளுக்கு அக்கா ஆனேன்? ஆகவே கையைக் கழுவிக்கொண்டு இதை நீங்களே படியுங்கள்.

சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நம் பட்டறையில் ஒரு லாரி ரேடியேட்டர் அடைப்பெடுத்துக் கொடுத்தேன், வேறு பெரிய வேலை இல்லை. அத்தை என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, அவன் ஒழுங்காகத்தானே இருக்கிறான் என்று கேட்டார்கள். வேலையில் ஒழுங்காக இருக்கிறார் என்றேன்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்பினீர்களே, முதலாளியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல் புது சூப்பர்சார்ஜரோடு. சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குள் அமுக்கித் திணிக்கிற காற்று கொதிக்கும், அதை ஆற்றத் தனித் தண்ணீர், தனிப் பம்ப், முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் வேண்டும், அத்தனை குழாயும் விரல் நுழையாத இடத்தில் நுழைய வேண்டும். இது எனக்குத் தெரியாததா? பதினோரு வருடமாக நீங்கள் எஞ்சின் கட்டுகிறீர்கள், நான் குழாய் போடுகிறேன். ஆனால் படத்துக்குக் கீழே என்ன எழுதினீர்கள்? குழாய் போகிற வழியைப் பார், என்ன அழகு, வெல்டரம்மா கை பட்டால் அப்படித்தான் என்று. அழகாம்! என் குழாயைப் பார்த்து, ஒழுகவில்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை உங்கள் வாயில் வந்ததுண்டா?

வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக் குற்றம் தேடினேன். பால் பொங்கி வழிந்து, அத்தை வந்து அணைத்தார்கள். குழாய் ஃபேனில் இடிக்கவில்லை. புகைக்குழாயின் சூடு படாமல் நாலு விரல் தள்ளிப் போகிறது. கிளிப்பெல்லாம் ஒரே திசையில் பார்க்கின்றன. நான் செய்தாலும் இவ்வளவு நேர்த்தி வராது என்று தோன்றியதும் ஆத்திரம் இன்னும் ஏறியது.

மறுநாள்தான் கண்ணில் பட்டது. படத்தின் ஓரத்தில், குழாய்க்குத் தண்ணீர் ஊற்றுகிற வெள்ளை டப்பாவுக்குள் தண்ணீர்க் கோடு கோணலாக இருந்தது. தண்ணீர் கோணாது, டப்பாதான் சாய்ந்திருக்கிறது. அதாவது வண்டியின் பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றி, மூக்கு தாழ்ந்து நின்றபோது அவள் குழாயை வளைத்திருக்கிறாள். அப்படி நிற்கையில், முன்னால் ஏறி இறங்கும் குழாய் டப்பாவின் மூடியைவிடத் தாழ்வாகத் தெரியும். சமதரையில் இறக்கினால் அந்த மேடு மூடிக்கு மேலே போய்விடும். ஓட ஓடக் காற்றெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பம்ப் சுற்றும், தண்ணீர் நகராது. வாசலில் மெல்ல ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் ஆறாத காற்று உள்ளே போய், பிஸ்டன் உருகி எஞ்சின் அப்படியே இறுகிவிடும்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை போனில், குழாய் எப்படி என்று நீங்களே கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். எப்படியும் வாசலிலேயே நிறுத்தி அழுத்தி உறுமவிட்டுப் பார்ப்பார்கள், முதலாளி கண்முன்னால் எஞ்சின் புகையட்டும், அவளுடைய அழகு அப்போது சந்தி சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு பிடி கூடவே சாப்பிட்டேன்.

இன்று காலை சின்னவள் உங்களோடு போனில் பேசிவிட்டுக் குதித்துக்கொண்டு வந்து சொல்கிறாள், சனிக்கிழமை மலைப்பாதையில் முதல் ஓட்டமாம், அப்பாதான் ஓட்டப் போகிறாராம். அப்படியே பட்டறைக்கு ஓடினேன். வளைவில் எஞ்சின் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பண்ணியது பாவம்ங்க. மன்னித்துவிடுங்கள்.

இதோடு வரும் பார்சலில் ஒரு பித்தளை டீ, மூன்று வாய் வைத்த குழாய் இணைப்பு, இருக்கிறது. மூன்றாவது வாயில் காற்றை வெளியே விட ஒரு திருகு வைத்திருக்கிறேன். மேட்டின் உச்சியில் குழாயை வெட்டி இதைச் சொருகுங்கள். டப்பாவைப் பானெட் இடிக்காத அளவுக்கு உயர்த்திக் கட்டுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றித் திருகைத் திறந்தால் முதலில் காற்று சீறும், பிறகு தண்ணீர் வரும். குமிழி நிற்கும்வரை மூடாதீர்கள். நாளை மதியம் போன் செய்து பார்சல் வந்ததா என்று கேட்பேன். வரவில்லை என்றால் ஸ்பீக்கரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், மானம் போனால் போகட்டும்.

கல்யாணமான மறு வருடம் நானும் இதே தப்பைத்தான் செய்தேன், ஜாக்கியில் நின்ற வண்டிக்கே குழாயை வளைத்துவிட்டேன். அதனால்தான் அந்தக் கோணல் என் கண்ணில் பட்டது. அன்று பட்டறையில் அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் கத்தினீர்கள். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான்.

எல்லா வளைவிலும் ஆண்டவன் உங்களுக்குத் துணை நிற்கட்டும். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லும்போது மட்டும், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், என்னிடம் கத்தியது போலவே கத்துங்கள். அவளிடம் தன்மையாகச் சொன்னீர்கள் என்று என் காதில் விழக்கூடாது.

இப்படிக்கு,
உங்களவள்