படுத்துக்கொண்டே ஒரு வேஷம்

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே புழுக்கம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றதற்கே புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. இடது கடைவாய்ப் பல் நேற்றிலிருந்து விண் விண்ணென்று தெறிக்கிறது. கிராம்பு வைத்தேன். கேட்கவில்லை. இந்த வாயோடு எட்டாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி வேறு.

திருக்கழுக்குன்றம் வந்து கையெழுத்துப் போடுவதற்குள் எச்.எம். அழைப்பு. மாமல்லபுரத்தில் பள்ளிகளுக்கான நாடகப் போட்டியாம். அடுத்த வாரம் புதன். இருபது நிமிடம், மீறினால் நீக்கம். நாடக மன்றம் இந்த வருஷம் என் தலையில். "தணிகாசலம் சாருக்கு முட்டி வலி. நீங்கதான் பாத்துக்கணும் டீச்சர்." பல் வலிக்கிறவர்களுக்கு இந்தப் பள்ளியில் சலுகை கிடையாது.

தணிகாசலம் சார் (இனி த.சா., முழுப் பெயர் எழுதும் அளவுக்குப் பாசம் இல்லை) வரலாற்று ஆசிரியர். வருஷா வருஷம் அவர் போடுவது ஒரே ராஜா நாடகம். தகரப் பெட்டி நிறைய ஜிகினாத் துணி, அட்டைக் கத்தி, கிரீடம் ஒன்று. பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் கதை. சிவப்பாக இருக்கிறவன், அல்லது அப்பாவுக்கு ஊரில் செல்வாக்கு உள்ளவன், ராஜா. காலனிப் பிள்ளைகளுக்கு ஈட்டி, முரசு. போன வருஷம் ஸ்டெல்லாவுக்குப் போர்க்களத்தில் பிணம். பள்ளியிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான். ராஜா அவள் பக்கத்தில் ஒரு காலை மடக்கி நின்று வசனமாகப் பொழிந்தான், அவள் மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தது.

ஸ்டாஃப் ரூமில் த.சா.: "இன்னா டீச்சர், புதுசா இன்னாவோ பண்ணப் போறீங்களாமே? செய்யுங்க, செய்யுங்க. கடேசில வேணும்னா கேளுங்க, பொட்டி சாவி என்னாண்டதான் கீது."

அந்தச் சாவியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

வாங்க: கிராம்புத் தைலம், இட்லி மாவு, ஜெராக்ஸ் (3 நாடகம் × 12).

ஜூலை 8, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை.

கடைசி இரண்டு பீரியட் வாசிப்பு. மூன்று நாடகம் கொடுத்து, நீங்களே படித்துத் தேர்ந்தெடுங்கள் என்றேன். தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதே தெரியாத முகங்கள். எல்லாரும் கோரஸாகப் பாடம் படித்தார்கள். பென்சிலால் கோடு போட்டார்கள். ஹேமா (ஒன்பதாம் வகுப்பு, கெட்டிக்காரி, அதனாலேயே எரிச்சல்): "மிஸ், இதுல எது எது இம்பார்ட்டன்ட்?"

தினகரன் அதற்கும் மேல். பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு உள்ளே கிராமத்தில் நிலம், தண்ணீர் லாரி இரண்டு. பையன் எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்துவிடுவான், பால் கவர் உட்பட. அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்தே ஒப்பிக்கிறான்.

"கோபமாக. கதவைத் தட்டியபடி. யாரது உள்ளே."

"அடைப்புக்குறியில இருக்கறத சொல்லக்கூடாதுடா. செய்யணும்."

"சரி மிஸ். தலையைச் சொறிந்தபடி. நான்தான்."

கத்தினேன். பல்லில் மின்னல்.

கடைசியில் மூன்றாவதற்குக் கை தூக்கினார்கள். காரணம்: அதற்கு வேஷத்துணி வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும். கதை இது. அம்மாவுக்கு மறைமலைநகர் கம்பெனியில் இரவு ஷிப்ட். காலையில் வந்து பாயில் படுக்கிறாள். அவள் தூக்கம் கலையக்கூடாது என்று அப்பா சத்தமில்லாமல் படும் பாடுதான் நகைச்சுவை. டம்ளர் உருள்கிறது, கொரியர்காரன் வருகிறான், தும்மல் வருகிறது. நடுவே அப்பா மகளிடம் குசுகுசுவென்று சொல்கிறார், படிப்பை நிறுத்திவிட்டு நீயும் அதே கம்பெனிக்குப் போ, பேசியாயிற்று என்று. தும்மல் வரை படித்தோம். பெல் அடித்துவிட்டது.

ஜூலை 9, புதன்

வேஷம் பிரித்தேன். அப்பா: தினகரன். மகள்: ஹேமா. அம்மா: ஸ்டெல்லா.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முக்கிய வேஷத்தைக் காலனிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேனாம். த.சா. பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். பிளஸ் ஒன். என்னைவிட உயரம். கண்ணைத் தாழ்த்தத் தெரியாத பெண்.

"போன வருசம் பொணம். இந்த வருசம் தூக்கம். அடுத்த வருசம் இன்னா மிஸ், கோமாவா?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. தினகரன் பெஞ்சைத் தட்டினான். எனக்குக் காது சூடாகிவிட்டது. திமிர் பிடித்தவள். ஒருத்திக்கு நல்லது செய்யப் போனால் இப்படித்தான். உட்காரு என்றேன், உட்காரவில்லை.

"கடைசி வரைக்கும் படிச்சியா? கடைசியில அம்மா எழுந்து பேசறா. ரெண்டு பக்கம். வேற யாருக்கும் இந்த நாடகத்துல அவ்ளோ பேச்சு இல்ல."

ஜெராக்ஸைப் பிடுங்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் நின்று படித்தாள். நாங்கள் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம், ஏதோ அவள்தான் டீச்சர் என்பது போல. திரும்பி வந்து,

"சரி, படுக்கறேன். இந்த ரெண்டு பக்கத்துக்கோசரம்தான். பாத்துக்குங்க."

பாத்துக்குங்க. என்னிடம்.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. இன்று யாரையும் பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஒத்திகை. பாய், தலையணை, டிபன் பாக்ஸ், கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை (நான் அட்டையில் வெட்டியது, கேவலமாக இருக்கிறது).

ஸ்டெல்லா படுத்தாள். துப்பட்டாவைக் கண்மேல் போட்டுக்கொண்டாள். வலது கை விரல் மட்டும் பாயில் ஆடிக்கொண்டே இருந்தது. எடுப்பது, திருகுவது, வைப்பது. எடுப்பது, திருகுவது, வைப்பது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"தூங்கறவ கை ஏன்டி ஆடுது?"

துப்பட்டாவை எடுக்காமலே சொன்னாள்: "எங்கம்மாவும் கம்பெனிதான், தூக்கத்துல கை ஆடும் மிஸ். எங்க வூட்ல அதப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

சிரிப்பு நின்றது. ஆடட்டும், விடு என்றேன்.

பிறகு கம்பெனி பஸ் ஹாரன் (ஒரு பையன் வாயால்). எழுந்து உட்கார்ந்து பேசினாள். நான் தூங்கவே இல்லை, டம்ளர் உருண்டதும் கேட்டது, நீ என் பெண்ணை விலை பேசியதும் கேட்டது. அந்த பஸ்ஸில் ஒரு சீட் எனக்கு, இன்னொரு சீட் அவளுக்கு இல்லை. மகளின் புத்தகப் பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டுத் தான் மட்டும் கிளம்புகிறாள். ஹேமா நிஜமாகவே அழுதுவிட்டாள். தினகரன் தன் வசனத்தை மறந்தான், அவன் மறந்து இன்றுதான் பார்க்கிறேன்.

எனக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்காது. ஆனால் இந்த வேலையில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

எச்.எம். முன்னால் இரண்டு நாடகமும். த.சா. முட்டி வலியெல்லாம் போய் ராஜாவை இறக்கியிருந்தார். கிரீடம் நழுவி ராஜாவின் மூக்கில் உட்கார்ந்தது. நான் சிரித்தேன், சத்தமாகவே.

அடுத்து எங்களுடையது. எச்.எம். தும்மலுக்குச் சிரித்தார். பேச்சு வந்ததும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். முடிந்து பிள்ளைகள் போன பிறகு:

"நல்லா இருக்கு டீச்சர். இதையே அனுப்பலாம். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் வேணாம்."

"மேடம், அதுதான் நாடகமே."

"போட்டி நடத்தறது யாரு? கம்பெனிக்காரங்க. முன்வரிசையில அவங்கதான் ஒக்காந்திருப்பாங்க. நம்ம பொண்ணுங்களுக்குப் பாத்ரூம் கட்டித் தரேன்னு சொல்லிட்டுப் போனதும் அவங்கதான். ஹாரன் அடிச்சா அந்தம்மா எழுந்து, பையை எடுத்துகிட்டு, பேசாம போகட்டும். அதுவும் உருக்கமாத்தான் இருக்கும்."

பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறாள். அது பொய்யில்லை.

சரி மேடம் என்றேன். யோசித்துச் சொன்னதாகக்கூட நடிக்கவில்லை.

வராந்தாவில் த.சா. காத்திருந்தார். "வெட்டச் சொன்னாங்களா? நாங்கூட சொல்லலாம்னு இருந்தேன், அது ரொம்ப ஓவர் டீச்சர்." இந்த மனிதரும் நானும் இன்று ஒரே கட்சி. வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பல் பிடுங்கியாயிற்று. பேசக்கூடாது என்றார் டாக்டர். நல்லது. கொளவாய் ஏரிப் பக்கம் நடக்கப் போய்ப் பாதியில் திரும்பினேன். ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நான்கிலும் நான் யோக்கியமாக இல்லை.

ஜூலை 14, திங்கள்

கன்னம் வீங்கி இருக்கிறது. நேரம் போதவில்லை, அதனால் பேச்சை எடுக்கிறோம் என்று சொன்னேன். கம்பெனி, கழிப்பறை எதுவும் சொல்லவில்லை.

"பதினெட்டு நிமிசத்துல முடிஞ்சிதே மிஸ், வெள்ளிக்கிழம," என்றது ஹேமா. கெட்டிக்காரிகளைக் கண்டாலே ஆவதில்லை.

ஸ்டெல்லா கத்துவாள் என்று தயாராகத்தான் போனேன். பதிலுக்குக் கத்த வீங்கிய வாயையும் தயார் செய்திருந்தேன். அவள் ஜெராக்ஸின் கடைசி இரண்டு தாளைக் கழற்றி என் மேஜையில் வைத்தாள்.

"சரி மிஸ்."

அவ்வளவுதான். படுத்தாள், விரல் ஆடியது, ஹாரன் அடித்ததும் எழுந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். தினகரனுக்கும் ஒருவழியாக அடைப்புக்குறி பழகிவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்கு ஏனோ அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. நீயாவது கத்தித் தொலையேன்டி.

ஜூலை 16, புதன்

மாமல்லபுரம். கடல் காற்றில் உப்பும் மீனும். வேன் நிறுத்த இடமில்லாமல் டூரிஸ்ட் பஸ்களுக்குப் பின்னால் விட்டு, பாயையும் தலையணையையும் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தோம். ஹாலில் ஏ.சி. முன்வரிசையில் ஒரே நிறச் சட்டை போட்ட ஆட்கள். எச்.எம். அவர்களுக்கு நடுவில், பட்டுப்புடவையில்.

எங்களுக்கு முன்னால் மூன்று ராஜாக்கள். வேறு வேறு பள்ளி, ஒரே ஜிகினா.

எங்களுடையது. டம்ளருக்குச் சிரிப்பு. கொரியருக்குச் சிரிப்பு. தும்மலுக்கு முன்வரிசை ஆட்கள்கூட. ஸ்டெல்லாவின் விரல் பாயில் ஆடிக்கொண்டே இருந்தது, எடுப்பது, திருகுவது, வைப்பது. அப்பா மகளிடம் கம்பெனி விஷயம் சொன்னான்.

விரல் நின்றது.

திரைக்குப் பக்கத்திலிருந்த எனக்குத் தெரிந்தது. நடிப்பு என்று நினைத்தேன், நல்லதாகத்தான் தோன்றியது. ஹாரன் அடித்தது. எழுந்திருக்கவில்லை. பையன் இன்னொரு முறை ஹாரன் அடித்தான். ஹேமா போய்த் தொட்டாள். "அம்மா, பஸ் வந்துடுச்சி." துப்பட்டா கண்மேலேயே. ஹேமா தோளை உலுக்கினாள். கை பாயிலிருந்து நழுவித் தரையில் விழுந்து அப்படியே கிடந்தது. போன வருஷம் கற்றுக்கொண்ட வேலை, பிசகே இல்லை.

நான் திரைக்குப் பின்னாலிருந்து "எழுந்திருடி, எழுந்திருடி" என்று பல்லைக் கடித்தேன், பல் இல்லாத இடத்தில் கடித்தேன். தினகரன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. பிறகு சபையைப் பார்த்து, ஒப்பிக்கும் குரலில், கணீரென்று:

"அம்மா எழுந்திருக்கிறாள்."

அவள் அசையவில்லை.

"அம்மா எழுந்திருக்கிறாள்." அழுகிற குரல். "பையை எடுத்துக்கொள்கிறாள். பேசாமல் போகிறாள்."

மூன்று நான்கு நிமிடம் அப்படியே போய், நேரம் முடிந்த மணி அடித்தது. திரை விழவில்லை, கயிறு இழுப்பவன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கைதட்டவில்லை. எச்.எம். பக்கத்தில் இருந்த ஆள் தலையைக் குனிந்து போனைப் பார்ப்பது போல் இருந்தான், போன் விளக்கு எரியவில்லை.

நேரம் மீறியதால் நீக்கம் என்று மைக்கில் சொன்னார்கள். எச்.எம். முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். சொல்ல வேண்டியதை நாளை சொல்வார்.

ஹாலுக்குப் பின்னால் வேப்ப மர நிழலில் ஸ்டெல்லா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தினகரன் தள்ளி உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஏன்டி எழுந்திருக்கல?"

பாயின் முனையை முழங்காலில் வைத்து அழுத்திக் கயிறு கட்டினாள். நிமிர்ந்தாள்.

"பேச்சு இல்லன்ட்டீங்க. அப்பால இன்னாத்துக்கு மிஸ் எந்திரிக்கணும், பஸ் புடிக்கவா?"

அறைந்திருப்பேன். இரண்டு கையிலும் தலையணை.