மூன்றாம் குடோன் எடை மிஷின் பழுது தொடர்பாக

மே 5, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு அப்புறம் அழித்தேன். வாண்டுவுக்கு நேற்றிலிருந்து உடம்பு கதகதவென்று இருக்கிறது. காப்பகத்தில் விடும்போது, "காய்ச்சல்னா கூப்பிடுறேன்மா, போங்க" என்றார்கள். கூப்பிடவில்லை. போன் வேலை செய்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ வில்லங்கம். தலைமை அலுவலகத்தில் ஒருத்தர் ஆபீஸ் மெயிலிலேயே துணி வியாபாரம் நடத்தியிருக்கிறாராம். இன்னொருத்தர் நம் விலைப்பட்டியலை மச்சானுக்கு அனுப்பியிருக்கிறார், மச்சான் இருப்பது போட்டிக் கம்பெனியில். "இனிமே ஆபீஸ் மெயில்ல ஆபீஸ் வேலை மட்டும்தான். விதியை நீங்க எழுதுங்க. யார் மீறுறாங்கன்னும் வாராவாரம் நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். பிரசவ விடுப்பு முடிந்து வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

சிரிக்காதே. நாலு வருஷத்துக்கு முன், நம் கம்பெனியில் நீ வேலை பார்க்கிற மூன்றாம் குடோனில் எடை மிஷின் பழுதானபோது எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புகார் அனுப்பினாயே, நாம் எழுதுவதெல்லாம் அந்த ஒரு மெயிலில்தானே? மிஷினை மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. நாம் மட்டும் அதே தலைப்பில் பதிலுக்குப் பதில் போட்டுக்கொண்டே இருக்கிறோம். என் கல்யாணம், வாண்டு பிறந்தது, உன் வீட்டுச் சங்கதி, எல்லாமே "எடை மிஷின் பழுது தொடர்பாக". இதையும் அதிலேயேதான் எழுதுகிறேன் பார், என் புத்தியை என்ன சொல்ல.

மாதக் கடைசிக்குள் நிறுத்தியாக வேண்டும் அக்கா. வேறு எங்கே எழுதலாம் என்று சொல்லு.

பதற்றத்துடன்,
உன் குட்டி


மே 6, செவ்வாய், சாப்பாட்டு நேரம்

அடியே குட்டி,

முதலில் வாண்டு எப்படி இருக்கிறான்? நீ பயந்து பயந்து போர்த்தியிருப்பாய், அந்தச் சூடாகத்தான் இருக்கும். ஒரு துணியைக் குறைத்துப் பார்.

நீ காவல்காரியா! சின்ன வயதில் என் மிட்டாயைத் தின்றுவிட்டு, என்னோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தேடியவள்தானே நீ. உங்கள் மேலாளர் சரியான ஆளாகத்தான் பிடித்திருக்கிறார்.

வேறு எங்கே எழுதலாம் என்று கேட்கிறாய். யோசித்துப் பார்த்தேன். என் போன் பாஸ்வேர்டு உன் அத்தானுக்குத் தெரியும், அவருடையது எனக்குத் தெரியாது. உன்னோடு நான் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைக்கிறார். பேசி முடித்ததும், "என்னவாம் உன் தங்கச்சிக்கு?" என்பார், சிரித்துக்கொண்டேதான். போன மாதம் நீ அனுப்பிய செய்தியை அவர் படித்து எனக்குச் சொன்னார். அடிப்பதில்லை, வைவதில்லை. யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். தினமும் சாயங்காலம் குடோன் வாசலில் வண்டியோடு நிற்கிறார். வாட்ச்மேனிலிருந்து லோடு ஏற்றுகிறவர்கள் வரை எல்லோரும் அவருக்குச் சிநேகிதம். நான் யாரோடு நின்று டீ குடித்தேன் என்பது எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும்.

அவர் கை படாத இடம் இந்த மெயில் ஒன்றுதான். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார எனக்கு இருக்கும் ஒரே அறை என்று வைத்துக்கொள்.

சரி சரி, மூக்கை உறிஞ்சாதே. உன் வலையில் அக்கா நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை விட்டு வை. நான் இளைத்துத்தான் போயிருக்கிறேன்.

உன் பெரியவள்


மே 8, வியாழன்

அக்கா,

காய்ச்சல் இல்லை, நீ சொன்னதுபோல் போர்வைதான். ஆனால் அவன் அசந்து தூங்கினாலும் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். "அவனைத் தூங்க விடு, இல்ல என்னையாவது தூங்க விடு" என்று இவர் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

இங்கே வினை வந்துவிட்டது. இன்று மேலாளர் முன்னால் சோதித்துக் காட்டினேன். ரொம்ப நாளாக நீண்டுகொண்டே போகிற மெயில்களை வரிசைப்படுத்தச் சொன்னார். தட்டினேன். முதலிடத்தில் நம் எடை மிஷின்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னம்மா இது, ஒரு மிஷினைச் சரிபண்ண நாலு வருஷமா?" என்றார். "பாவம், இந்தம்மா இத்தனை தடவை எழுதியிருக்காங்க, ஒருத்தனாவது கவனிச்சானா!" என்று அப்போதே போனை எடுத்து மெக்கானிக்கை உன் குடோனுக்குப் போகச் சொல்லிவிட்டார். நாளைக்கு வருவான்.

மிஷின் நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னதும் மேலாளர் நம் மெயிலைத் திறந்து படிப்பார். நீ எழுதியது எல்லாம். அத்தானைப் பற்றி எழுதியது எல்லாம்.

யார் மெயிலையும் அழிக்கிற அதிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. ரெண்டு தட்டு, அவ்வளவுதான். கை கிட்டே போகிறது, திரும்புகிறது. அழிக்கட்டுமா? உடனே பதில் போடு.

குட்டி


மே 9, வெள்ளி

குட்டி,

உன் மெக்கானிக் வந்தான். "வேலை செய்யலையாமே?" என்றான். செய்கிறது என்றேன். "அப்ப எதுக்குங்க நாலு வருஷமா எழுதுனீங்க?" நான் மிஷின் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். அவனே அதன்மேல் ஏறி நின்றான். நம்பரைப் பார்த்துவிட்டு, "கூடக் காட்டுதே, பழுதுதான் போல" என்றான். "மிஷின் சரியாத்தான் காட்டுது, உங்க வீட்டுச் சாப்பாடு அப்படி" என்று லோடுக்காரர் ஒருத்தர் சொல்ல, குடோனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அழித்துவிடு குட்டி. உங்கள் மேலாளர் படிப்பது பெரிதில்லை. அவர் இன்னொருவரிடம் சொல்வார், அது எங்கள் குடோன் வாசலுக்கு வரும், வாசலில் இவர் நிற்பார். அப்புறம் எனக்கென்று என்ன மிச்சம்? உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. அழித்துவிடு.

அக்கா


மே 12, திங்கள்

அன்புள்ள அக்கா,

இதைக் காகிதத்தில் எழுதி உன் குடோன் முகவரிக்கு அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், மடியில் வாண்டு.

நான் அழிக்கவில்லை.

திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. சனிக்கிழமை காலை அதைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிய விதியில் நாலாவது, எந்த மெயிலையும் யாரும் மறைக்கவோ அழிக்கவோ கூடாது என்பது. நானே அழித்துவிட்டு நாளைக்கு இன்னொருத்தரை எப்படிக் கேட்பேன்? இது ஒன்று. இன்னொன்று உன் பக்கம். நாலு வருஷம் நீ மனசு விட்டுப் பேசியதையெல்லாம் இல்லாமல் செய்ய என்னால் முடியவில்லை.

நேராக மேலாளரிடம் போய், "சார், அது நானும் எங்க அக்காவும் பேசிக்கிட்டது. தயவுசெஞ்சு படிக்காதீங்க" என்றேன். அவர் முந்தின நாளே திறந்துவிட்டிருந்தார். மேலே இருந்தது உன் கடைசிக் கடிதம்தான், அதை மட்டும் படித்தாராம். "அழிச்சிடுன்னு கெஞ்சியிருக்காங்களே, ஏன் அழிக்கலை?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "குடும்ப விஷயத்துக்குள்ள நான் போகலை. ஆனா விதி விதிதான்மா" என்றார். மிச்சத்தை யாரும் திறக்க முடியாதபடி என் கண் முன்னாலேயே பூட்டினார். என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போகிறது. நம் இருவருக்கும் ஆளுக்கு ஒரு மெமோ. உன்னுடையது ஒட்டிய உறையில் வரும்.

ஒரு வரி எழுது அக்கா.

உன் குட்டி


மே 21, புதன்

அக்கா,

ஒன்பது நாளாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. குடோனுக்குப் போன் செய்தால் "மேடம் ஸ்டாக் எடுக்குறாங்க" என்கிறார்கள். உன் போனுக்குச் செய்தால் அத்தான் எடுத்து, "குளிக்கிறாளே" என்கிறார். இத்தனை நேரமா ஒருத்தி குளிப்பாள்?

வாண்டு நேற்று குப்புற விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். உன்னிடம் சொல்லாததால் அது நடந்த மாதிரியே இல்லை.

கோபமென்றால் கோபம் என்றாவது எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

குட்டி


மே 28, புதன்

குட்டி,

கோபம்தான். உன் கடிதத்தை ரெண்டாக மடித்து ஸ்டாக் ஷெல்ப்பில் சொருகி வைத்துவிட்டேன். என் ஒரே அறையை என் தங்கையே பூட்டிச் சாவியை எங்கோ கொடுத்துவிட்டாள் என்று இருந்தது.

போன வாரம் மெமோ வந்தது. வாட்ச்மேன் அதை என் கையில் கொடுக்காமல், வாசலில் நின்ற இவரிடம் கொடுத்துவிட்டான். "அக்காவுக்குத்தானே சார், நீங்களே குடுத்துடுங்க." இவர் வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தார். படித்தார். சாப்பிட உட்கார்ந்தபின், "நாலு வருஷமா தங்கச்சிக்கு எழுதியிருக்கியே, அப்படி என்னதான் எழுதினே?" என்று கேட்டார், சிரித்துக்கொண்டே.

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு உனக்கு எழுத வேண்டியது எழுத இடமில்லாமல் தொண்டையிலேயே நின்றிருந்தது போலிருக்கிறது. வந்துவிட்டது குட்டி. போனில் தொடங்கி, டிவி, டீ, வாசல், எல்லாம். உனக்கு எழுதியதை எழுதியபடியே அவரிடம் சொன்னேன். சோறு ஆறிப் போயிற்று.

முடித்தபின், "யார் சொல்லிக் குடுத்தா உனக்கு இதெல்லாம்?" என்றார். யாருமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து பேசுவதில்லை. சாயங்காலம் வாசலில் வண்டி இல்லை. நான் பஸ்ஸில் போகிறேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒருநாள் சும்மா போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

உன் நிரந்தரம் தள்ளிப் போனது எனக்கு உறுத்துகிறது. அதை நேரில் பேசலாம். வாண்டு குப்புற விழுவதை நானும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், பெட்டி கொஞ்சம் பெரியது, மாப்பிள்ளையை ஸ்டாண்டுக்கு வரச் சொல்லு.

எத்தனை நாளைக்கு என்று மட்டும் யாரும் என்னைக் கேட்காதீர்கள்.

உன் பெரியவள்