வந்தது ஐந்து, போனது ஐந்து

மச்சான்,

நேற்று நான் வேலை செய்யும் வீட்டில் சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பை அயன் பண்ணிக்கொண்டு நின்றேன். ஈரத் துணி சூடேறும் மணம் அறை முழுக்க. கடற்பக்க ஜன்னல் திறந்திருந்தது. வானத்திலிருந்து வந்த சத்தம் என்னவென்று மூளைக்கு எட்டுமுன்னரே முழங்கால் மடங்கிவிட்டது. அயன் பெட்டியைக் கையில் பிடித்தபடி மேசைக்குக் கீழே குந்தியிருக்கிறேன். அடுத்த அறையிலிருந்து சிஞ்ஞோரா, என்ன விழுந்தது என்று கேட்டார். "பொத்தோனே, சிஞ்ஞோரா" என்றேன், ஒரு பொத்தான் என்று. மேசைவிரிப்பில் ஏது பொத்தான் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனுசி.

வெளியே, கால்சாப் பகுதியின் கூரைகளுக்கு மேலே, சின்ன விமானங்கள் மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. இந்த வருட விமானப் பந்தயத்துக்கு ஒத்திகை. நீ இருந்திருந்தால் அந்த நிமிடமே தொலைபேசி அடித்திருக்கும். அடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் கோடை உனக்கு ஞாபகம் இருக்கும். வார நாட்களில் நீ பகேரியாவில் ஒரு வயோதிபரைக் குளிப்பாட்டிச் சோறு தீத்துகிறவன். வார இறுதியில் பலெர்மோத் தமிழர் அத்தனை பேருக்கும் படப்பிடிப்பாளன். ஞானஸ்நானம், முதல்நன்மை, சாமத்தியவீடு, கலியாணம், எதுவென்றாலும் உன் கழுத்தில் கமரா, என் கையில் லைற். அன்று புதிதாக வாங்கிய நீள லென்ஸைப் பரீட்சை பார்க்க மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனோம். கடற்புறா எடுக்கப் போவதாகச் சொன்னாய். பந்தயம் நடப்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மலை முனைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. அடுத்த கணம் இருவரும் மணலில் குப்புறக் கிடந்தோம். மொண்டெல்லோவில் ஒரு வசதி, அங்கே எல்லோரும் படுத்துத்தான் கிடக்கிறார்கள். நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாக வந்து விழுந்த எங்கள் இருவரையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்தது அஞ்சு," என்றாய், மணலுக்குள் வாயை வைத்துக்கொண்டு. "போனது நாலு. எழும்பாதை. ஒண்டு நிக்குது."

ஊரில் பங்கருக்குள் அதுதானே கணக்கு. எத்தனை வந்ததோ அத்தனையும் போனால்தான் தலையைத் தூக்கலாம். நின்ற அந்த ஒன்று வளைந்து திரும்பி எங்கள் தலைக்கு மேலால் போனது. மஞ்சள் நிறம், வாலில் பெரிதாக ஒரு இலக்கம். பக்கத்தில் ஒரு குழந்தை ஐஸ்கிறீமைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டியது. நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய். "சத்தம் அதேதான் மச்சான்," என்றாய். பிசகில்லை. ஊரில் எங்கள்மேல் போடக் குண்டு கட்டி அனுப்பிய அதே வகைச் சின்னப் புரொப்பெல்லர் விமானம்தான், பூச்சு மட்டும் வேறு. "இஞ்சை, இத்தாலியிலை செய்த சாமான்தானே. பிறந்த வீட்டிலை நிண்டு விளையாடுது," என்று சொல்லிச் சட்டையில் மணலைத் தட்டினாய். பகிடியாகத்தான் சொன்னாய். மணல் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாய்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் தங்கச்சியைப் பற்றிச் சொன்னாய். ஊரில், தீவுப்பக்கத்து உங்கள் வளவில் காய்ந்த உடுப்பு எடுக்கப் போனவள், திரும்பி வரவில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும். அன்று மிச்சமும் சொன்னாய்.

"நான் கண்டது அதின்ரை வயித்தை மட்டும்தான். அதுக்குள்ளை இருந்தவன்ரை முகத்தைக் காணேல்லை. ஒருக்கா ஒரு முகம் பாக்கவேணும் மச்சான். எவன்ரை எண்டாலும் காரியமில்லை."

இவனுக்கு இது ஒரு கோடைக்கால விசர், மாரியோடு போய்விடும் என்று நினைத்தேன். உன்னோடு இத்தனை காலம் பழகியும் உன்னை அவ்வளவுதான் அறிந்திருந்தேன்.

அடுத்த பந்தயத்துக்கு வெள்ளனவே போய் இடம்பிடித்தோம். அன்று எடுத்த படங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கலியாணப் படம் எடுத்த கை அல்லவா, எல்லாவற்றையும் நிறுத்தி எடுத்தே பழகியது. தாலி கட்டும் மாப்பிள்ளையை, "கையை அப்பிடியே பிடியுங்கோ" என்று நீ மறித்து வைக்க, சீடியில் கெட்டிமேளம் முடிந்து அடுத்த பாட்டு வந்து சபை முழுக்கச் சிரித்ததே, அதே வேலையைத்தான் விமானத்துக்கும் செய்தாய். ஷட்டர் வேகத்தைக் கூட்டிவைத்து எடுத்தாய். விமானமும் தெளிவு, புரொப்பெல்லரும் தெளிவு. இரண்டு இதழும் நட்டுவைத்த மாதிரி அசையாமல் நின்றன.

ஜெசிந்தா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, காத்தாடி நிண்டுபோச்சு. இந்தாள் விழப்போகுது," என்றாள். உன் மனைவிக்குக் கமராவைப் பிடிக்கத் தெரியாது. படத்தைப் பார்க்கத் தெரியும்.

ஷட்டரைக் குறைத்தால் புரொப்பெல்லர் வட்டமாகச் சுழல்வது தெரியும். ஆனால் அந்த வேகத்தோடு கமராவும் சேர்ந்து திரும்பாவிட்டால் விமானம், கடல், வானம் எல்லாம் ஒரே கூழ். அந்தக் கோடையின் மிச்சம் முழுக்கக் கூழ்தான் காய்ச்சினோம்.

பிறகு கால்சாக் கடற்கரை வீதியில் ஞாயிறு பின்னேரப் பயிற்சி. லாப்பா என்கிற மூன்றுசக்கர வண்டிகள்தான் எங்கள் விமானம். கால் இரண்டையும் வண்டி போய்ச் சேரும் பக்கம் ஊன்றி, இடுப்பை மட்டும் முறுக்கி அது வரும் பக்கம் பார்த்து, கூடவே திரும்பி வர வேண்டும். இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. விழுந்து எழும்பிக் கண்டுபிடித்தோம். தோடம்பழம் ஏற்றிய லாப்பாக்காரன் ஒருவன் கமராவைக் கண்டதும் சடாரென்று பிரேக் போட்டு, தலைமயிரைக் கோதிக்கொண்டு பல்லைக் காட்டினானே! "நிக்காதையப்பா, ஓடு!" என்று நீ தமிழிலேயே கத்தினாய். "பெல்லீசிமோ!" என்று மெச்சி, அவன் உனக்கு ஒரு தோடம்பழம் எறிந்துவிட்டுப் போனான்.

எனக்கு ஒரு பழக்கம் போகவே மாட்டேன் என்றது. பொத்தானை அமத்தியதும் நின்றுவிடுவேன். அங்கேதான் படம் கலங்கும். அதற்காக நீ ஒரு பழைய சைக்கிளில் ஏறி எனக்கு முன்னால் அங்குமிங்கும் ஓடினாய். "நிப்பாட்டாதை! திரும்பு! அமத்தினாப் பிறகும் திரும்பு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினாய். உலாவ வந்த கிழவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து உனக்கும் எனக்கும் புத்தி சொன்னார்கள். கடைசியில் எனக்கும் ஒரு படம் சரிவந்தது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாயிற்று என்று முதுகில் அடித்தாய்.

ஆனாலும் முகம் கிடைக்கவில்லை. கடற்கரையில் நின்றால் வயிறுதான் தெரியும், எவ்வளவு பழகினாலும். மூன்றாம் வருடம் நீ களைத்துப்போயிருந்தாய். பந்தயத்தன்று பார்த்து ஜெசிந்தா ஒற்றைக்காலில் நின்றாள்.

"ரெண்டு வரிசமா இந்தப் பிளேனாலை சாந்தா ரொசாலியாட்டைப் போகேல்லை. இண்டைக்கு முதல் மலை, பிறகுதான் கடல்."

நான் சைவக்காரன், ஆனாலும் அந்தப் புனிதையின் குகைக்கோயில் இருக்கிற மலைக்கு, அதற்கு முன் உங்களோடு ஏறாத ஞாயிறு குறைவு. புறுபுறுத்தபடி ஏறினாய். குகைக்குள் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, மொண்டெல்லோப் பக்கத்தால் இறங்கி வருகிறோம். மலைப்பாதையின் கீழ் வளைவில் சத்தம் கேட்டது. காலடியில், கடலுக்கு மேலே, மஞ்சள் விமானம் ஒரு பக்கம் சரிந்து வளைந்துகொண்டிருந்தது. நாங்கள் மேலே, அது கீழே.

"முதுகு," என்றாய். "மச்சான், இண்டைக்குத்தான் முதுகைப் பாக்கிறன்."

காலை ஊன்றினாய். அது மூன்று சுற்று வந்தது, மூன்று முறையும் அதோடு திரும்பினாய். ஜெசிந்தா செபமாலையை உருட்டிக்கொண்டு மதிலில் இருந்தாள். நான் உன் முதுகுப்பையைப் பிடித்துக்கொண்டேன், நீ அதோடு சேர்ந்து பறந்துவிடுவாய் போல இருந்தது.

வுச்சீரியாச் சந்தைப் பக்கம் உன் அறையில் கொம்பியூற்றருக்கு முன்னால் மூவரும் இருந்தோம். புரொப்பெல்லர் ஒரு முழு வட்டம். அதற்குப் பின்னால் கண்ணாடிக் கூடு. நீ பெருப்பித்தாய், இன்னும் பெருப்பித்தாய். முகம் வந்தது. எங்கள் வயதுக்காரன். உப்பிய கன்னம். மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கை இரண்டும் வேலையாக இருந்ததால் மூக்கைச் சுருக்கி அதை மேலே ஏற்றப் பார்க்கிறான், பாவம். ஜெசிந்தா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை.

"ஆள்தான்," என்றாய். "பேயெண்டு நினைச்சுக்கொண்டிருந்தது சுகம். ஆளெண்டா, கீழை உடுப்புக் காயுறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே."

"இது வேறை ஆள், மச்சான்."

"தெரியும். அதுதான் இவனிலை கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு."

பிறகு அழுதாய். இத்தனை வருடத்தில் நீ அழுது நான் பார்த்தது அன்றுதான். ஜெசிந்தா உன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். தேத்தண்ணி ஆறிப்போனது. எனக்கு உன்மேல் எவ்வளவு அன்பு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாங்கள் எங்கே அதையெல்லாம் சொல்லுகிறோம்? பாண் வாங்கி வாறன் என்று எழுந்து போனேன்.

அந்தப் படத்தை நீ பிரிண்ட் அடித்து எடுத்தாய். சுவரில் மாட்டுவாய் அல்லது கிழிப்பாய் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு குகைக்குக் கொண்டுபோய், நோயாளிகளினதும் குழந்தைகளினதும் படங்களை நேர்த்திக்கு வைத்திருக்கிற இடத்தில் அதையும் செருகினாய்.

"என்னடா செய்யிறாய்?"

"அவன் ஒவ்வொரு முறையும் பத்திரமா இறங்கவேணும் எண்டு வைக்கிறன்."

"உனக்கென்ன விசரே?"

"ஓம்," என்றாய். "அங்கை எங்களுக்காக எண்ணினம். இஞ்சை அவங்களுக்காக எண்ணிவிடுவம். எண்ணிப் பழகின ஆக்கள் நாங்கள்தானே."

அதன்பிறகு ஒவ்வொரு பந்தயத்திலும், படம் எடுத்து முடிந்த பிறகும் வளைவை விட்டு நீ அசைய மாட்டாய். வந்தவை எல்லாம் விமானத்தளத்துப் பக்கம் திரும்பிப் போகும்வரை நிற்பாய். பஸ் போய்விடும் என்று நான் குதிப்பேன். "இன்னும் ஒண்டு நிக்குது," என்பாய்.

போன மாரியில் பகேரியா ஸ்ரேசனுக்கு நடந்து வருகையில் விழுந்தாய். எழும்பவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது கண் மூடியிருந்தது. அதற்குமேல் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நினைவு அட்டைக்கு உன் படம் வேண்டும் என்றாள் ஜெசிந்தா. ஊர் முழுக்கப் படம் எடுத்தவனுக்குப் படம் இல்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கு எடுத்தது ஒன்று கிடந்தது, அதில் களவெடுத்துப் பிடிபட்டவன் போல முழிக்கிறாய். தேடித் தேடிக் கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றது. அந்தச் சைக்கிள் படம். பின்னால் கடலும் பனை மரங்களும் கோடுகோடாக இழுபட, நடுவில் உன் முகம் மட்டும் தெளிவாக, வாயை ஆவென்று பிளந்துகொண்டு.

"என்ன அண்ணை இது, வாயைத் திறந்துகொண்டு நிக்கிறார். கோயில்லை குடுக்கிற அட்டையெல்லே?" என்றாள். கொஞ்சநேரம் பார்த்தாள். "என்ன சொல்லிக் கத்துறார்?"

"நிப்பாட்டாதை, திரும்பு எண்டு."

அவள் அட்டைக்கு வேறு படம் தேடவில்லை. உன் கமராவையும் என் கையில் தந்துவிட்டாள். பூசையன்று அந்த அட்டையைக் கையில் வாங்கியவர்கள் எல்லாம் முதலில் சிரித்தார்கள், பிறகுதான் அழுதார்கள். உனக்கு அது பிடித்திருக்கும்.

இன்று ஜெசிந்தாவோடு மலைக்குப் போனேன். கண்ணாடிக்காரன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், ஒரு குழந்தையின் படத்துக்குப் பின்னால் ஒளிந்துபோய், கொஞ்சம் வெளிறி. அவனை முன்னால் எடுத்தேன். உன் அட்டையை அவனுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் பார்க்க வைத்தேன். அவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு உன்னைப் பார்க்கிறான். நீ அவனைப் பார்த்துக் கத்துகிறாய். ஜெசிந்தா இருவருக்கும் சேர்த்து ஒரு திரி கொளுத்தினாள்.

பிறகு கீழ் வளைவுக்கு இறங்கினோம். காலை ஊன்றினேன். மஞ்சள் விமானம் வந்தபோது உடம்பு குனியத்தான் பார்த்தது, உனக்குப் பொய் சொல்லமாட்டேன். குனியவிடாமல் திரும்பினேன். அமத்தினேன். அமத்திய பிறகும் திரும்பினேன். படம் எப்படி வந்திருக்கிறதென்று இன்னும் பார்க்கவில்லை.

பந்தயம் முடிந்தது. மேலே பஸ்ஸின் கோர்ன் கேட்டது. "வாங்கோ அண்ணை, பஸ் போகப்போகுது," என்று ஜெசிந்தா நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. அவளுக்கு விளங்கியது. வந்து பக்கத்தில் நின்றாள். ஒவ்வொன்றாக விமானத்தளத்துப் பக்கம் திரும்பிப் போயின. நாலு போய் வெகுநேரம் கழித்து, கடல் முனையைச் சுற்றிக்கொண்டு மஞ்சள் வந்தது. எங்களைத் தாண்டி அதுவும் போனது.

வந்தது ஐந்து, மச்சான். போனது ஐந்து. எல்லாரும் போய்விட்டார்கள். இனி நீ எழும்பலாம்.