சுவந்தோ ஏரிக்கரை மாப்பிள்ளை

சுவந்தோ,
ஆகஸ்ட் 11

மகள் ரீக்காவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நோர்வே ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் நாடி பிடிக்கிறவளுக்குத் தன் உடம்பு தெரியாமலா இருக்கும்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. போனில் நீ எதைக் கேட்டாலும் என் வாயில் "ம்" தவிர ஒன்றும் வராது என்பது உனக்கே தெரியும். காகிதம் குறுக்கே பேசாது, அழவும் செய்யாது. அதனால் இதுதான் வசதி.

நீ கேட்டது ஒரே கேள்வி. செப்டம்பரில் நடக்கிற உன் கல்யாணத்துக்கு நான் வருவேனா, மாட்டேனா? முதலில் அந்த ஆளை நாலு நாள் ஏரிக்கரையில் வைத்துப் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்றேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றதும் அவனைத் தனியாகவே அனுப்பி வைத்தாய். உனக்குக் கொழுப்புதான். சரி, பார்த்தாயிற்று. பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் பதிலைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை படகுத்துறையில் வந்து இறங்கினான் உன் யூசோ. நாலு நாளைக்கு நாலு பை. நான் கொண்டு போனது ஒரு பை, ஒரு கோடாலி, கரி பிடித்த என் காப்பிக் கெட்டில், கறுப்பு ரொட்டி, உப்பு. மீன் ஏரியில் இருக்கிறது. அவன் பைகளைப் பிரித்தபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். கொசுவலை வைத்த தொப்பி. காற்று ஊதுகிற தலையணை. காப்பிக்கொட்டை அரைக்க ஒரு கைமெஷின். அரைத்த தூளை நிறுக்க ஒரு தராசு! பைன் காட்டுக்குள் தராசு எடுத்து வந்த முதல் மனுஷன் உன் ஆள்தான். நாமெல்லாம் ஒரு கை தூளை அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டு அறுபது வருஷம் உயிரோடு இருந்துவிட்டோமே, அதை என்ன சொல்வது?

படகில் போகும்போது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன். அச்சு எழுத்துகளுக்கு உருவம் வரைகிறானாம். "ஒரே ஒரு எழுத்தோட வால் எவ்வளவு நீளம் இருக்கணும்னு முடிவு பண்ணவே சில சமயம் மூணு வாரம் ஆயிடும் அத்தை" என்றான், முகத்தில் பெருமை வேறு. மூன்று வாரத்தில் நான் பள்ளிக்கூடச் சமையலறையில் நாலாயிரம் தட்டு சூப் ஊற்றியிருப்பேன். அதைச் சொல்லவில்லை. "வால் நல்லா இருக்கா இப்ப?" என்று மட்டும் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்றான். கிண்டல்கூடப் புரியவில்லை பார்.

துடுப்பைக் கொடுத்தேன். படகு ஒரே இடத்தில் நின்று சுற்றியது. கரையில் நின்ற பக்கத்து வீட்டுக் கௌகோ வாயில் வைத்த பைப்பை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே பொழுதுபோக்கு அடுத்தவர் படகு ஓட்டுவதைப் பார்ப்பதுதான். துடுப்பைப் பிடுங்கி நானே வலித்தேன். நடு ஏரியில் கேட்கிறான், "அத்தை, இந்தத் தண்ணி குடிக்கலாமா?" "மீன் குடிச்சு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை" என்றேன்.

அக்கரையில் யார் வேண்டுமானாலும் வந்து தங்குகிற நம் சாய்ப்பு அப்படியே இருக்கிறது. மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறப்பு, எதிரில் அடுப்புக் குழி. ஆனால் விறகு? ஒரு சிராய்கூட இல்லை. எங்களுக்கு முன்னால் வந்து தங்கிய பட்டணத்துப் பிறவிகள் அத்தனையும் எரித்துவிட்டு, பீர் டப்பாக்களையும் சாசேஜ் உறைகளையும் நமக்குப் பரிசாக வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. அடுத்து வருகிறவனுக்குக் காய்ந்த விறகு பிளந்து வைக்காமல் ஒருவன் இந்தக் காட்டைவிட்டுப் போகலாமா? நனைந்து விறைத்து ஒருவன் வந்து நின்றால் அவன் எதை எரிப்பான்? தாய் தகப்பன் சொல்லிக் கொடுத்திருந்தால்தானே. யூசோவிடம் சொன்னேன், நமக்கும் வேண்டும், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கூரை உயரத்துக்கு அடுக்க வேண்டும் என்று. "அதை நான் பாத்துக்கறேன் அத்தை" என்று கோடாலியை எடுத்தான்.

எடுத்தான் பார், கண்றாவி. கோடாலி கட்டைக்குள் சிக்கிக்கொண்டது. கட்டையோடு சேர்த்துத் தலைக்கு மேலே தூக்கினான், கட்டை கழன்று முதுகில் விழுந்தது. நான் சிரித்தேன். அடக்கமாக இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாயங்காலம் உள்ளங்கையில் கொப்புளத்தை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எழுத்தோட வாலை வெட்டுறப்ப இதெல்லாம் வராது போல" என்று கேட்டுவிட்டு இன்னொரு தடவை சிரித்தேன். அவனும் கூடவே சிரித்தான். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தத் தராசுக் காப்பியை எனக்கும் ஒரு கோப்பை நீட்டினான். சனியன், நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை, குடித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பழம் பறிக்கப் போய்விட்டேன். இந்த வருஷம் நீலப்பழம் நிறைய. உனக்கு இரண்டு டப்பா உறையவைத்திருக்கிறேன்.

மத்தியானம் திரும்பி வந்தால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கட்டைமேல் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "ஒண்ணுமில்ல அத்தை" என்றான். நான் ஒன்றுமே கேட்கவில்லை ரீக்கா. கேட்காமலே ஒருவன் ஒன்றுமில்லை என்கிறான் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் வாளியை இறக்கி வைத்துவிட்டு மீன் கழுவப் போனேன்.

அன்று மூன்று மணி நேரம் விறகு போட்டு சௌனா நீராவிக் குளியலறையைச் சூடாக்கினேன். கல் சிவந்து, உடம்பில் அடித்துக்கொள்ள பிர்ச் இலைக்கட்டு ஊறி, எல்லாம் தயார். நீ முதலில் போ என்றேன். "எனக்கு வேணாம் அத்தை, நீங்க போங்க" என்கிறான்! நம் ஜனத்தில் பிறந்தவன் எவனாவது ஏரிக்கரை சௌனாவை வேண்டாம் என்பானா? எனக்கு வந்த கோபத்தில், "அப்ப எதுக்குப்பா இவ்வளவு தூரம் வந்தே? ஹெல்சிங்கியிலயே தொட்டியில சோப்பு நுரை போட்டுப் படுத்திருக்கலாமே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே தனியாக உட்கார்ந்து கல்மேல் தண்ணீரை ஊற்ற ஊற்ற, செப்டம்பரில் அன்றைக்கு எனக்குப் பல்வலி என்று உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அப்போது என் முடிவு அதுதான்.

சனிக்கிழமை அவன் நொண்டினான். இடது கால். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஆனால் நம் பக்கத்தில் ஒருவன் நொண்டினால் ஏன் என்று யார் கேட்கிறோம்? அது அவன் கால், சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்வான், கேட்டால் அவனுக்கு அவமானம், இதுதானே நாம் கற்று வைத்திருக்கும் மரியாதை. அந்தக் காலோடு நாள் முழுக்க விறகு பிளந்தான். கூரை உயரத்துக்கு அடுக்கியும் விட்டான். நான் போய்ப் பார்த்து, "அடுக்கு கோணலா இருக்கு" என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்கு என் மீன் சூப்பைத் தொடவில்லை. ஐயாவுக்கு நம் சமையல் இறங்கவில்லை போல என்று நானே இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தால் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. நெற்றி கொதிக்கிறது. கால் வீங்கி பூட்ஸுக்குள் நுழையாமல், அதை மறைக்கப் போர்வையை இழுத்து இழுத்து விடுகிறான். போர்வையைப் பிடுங்கி எறிந்தேன். பாதத்தின் மேல்பக்கம் கோடாலி பூட்ஸைக் கிழித்து இறங்கியிருக்கிறது. அதன்மேல் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளி டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறான், முட்டாள். டேப்புக்கு மேலே சிவப்புக் கோடு முழங்காலுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று நர்சுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன்னிடம் போனில் அவன் லேசான கீறல் என்று சொல்லியிருப்பான். பொய். அதனால்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

அங்கே போன் எடுக்காது. அவனைத் தோளில் தாங்கிப் படகில் கிடத்தி மூன்று கிலோமீட்டர் வலித்தேன். அறுபத்து நாலு வயதில் அப்படி வலிக்க முடியும் என்று எனக்கே தெரியாது. கரையில் கௌகோ. முப்பது வருஷப் பழக்கம், அந்த மகராசன் சொன்ன முதல் வார்த்தை, "சீட்டுல ரத்தம் படாம பாத்துக்க". வாயில் வந்ததைச் சொன்னேன். உனக்கு எழுத முடியாது. ஆனால் வண்டியை விரட்டத்தான் விரட்டினான்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் வளையம் மாட்டிய ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். இது எங்கே உருப்படப் போகிறது என்று நினைத்தேன், ஆனால் வேலை தெரிந்தவள். காயத்தைத் திறந்து சுத்தம் செய்து மருந்து ஏற்றினாள். நரம்புக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் விரல்களை எடுத்திருக்க வேண்டும் என்றாள். "ரெண்டு நாளா ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?" என்று அவள் கேட்க, காய்ச்சல் வேகத்தில் நான் பக்கத்தில் நிற்பதுகூடத் தெரியாமல் சொன்னான்: "அத்தை ஏற்கெனவே ரெண்டு தடவை சிரிச்சுட்டாங்க. மறுபடியும் சிரிச்சா கல்யாணத்துக்கு வரமாட்டாங்க. ரீக்கா பாவம்."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இப்போது இரண்டாவது விஷயம். இதை எழுத மூன்று காகிதம் கிழித்தாயிற்று.

உன் அப்பா அந்த ஏரிக்கரையில் சட்டென்று விழுந்தார், ஒரு அறிகுறியும் இல்லை, கண் மூடித் திறக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது என்று அடக்கத்தன்று உனக்குச் சொன்னேன். எட்டு வருஷமாக எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறேன். அது நிஜம் இல்லை ரீக்கா. எய்னோ அன்று காலை விறகு பிளக்கும்போது இரண்டு தடவை உட்கார்ந்தார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "என்ன சீமானே, அதுக்குள்ள களைச்சுப் போச்சா? கௌகோவா இருந்தா இந்நேரம் ஒரு வண்டி பிளந்திருப்பான்" என்றேன். சிரித்தார். "ஒண்ணுமில்ல ஹெல்வி" என்றார். எழுந்து போய் மறுபடியும் பிளந்தார். மீன் கழுவிக்கொண்டே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு கட்டை. அப்புறம் சத்தம் வரவில்லை. காப்பிக்காக நிறுத்திவிட்டார் என்று நினைத்து, கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.

முப்பது வருஷம் அந்த மனுஷனை நான் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுக்கினால் கோணல், பிடித்தால் பொடி மீன், பாடினால் அபஸ்வரம். எல்லாம் வேடிக்கைக்குத்தான், அவருக்கும் அது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்திருக்கலாம். ஆனாலும் வலிக்கிறது என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போன வாரம் உன் யூசோவுக்கும் வரவில்லை. இரண்டு ஆளுக்கும் வேறு வேறு காரணம் இல்லை, நான் ஒருத்திதான்.

நீ கேட்டதற்குப் பதில்: வருவேன். உன் ஆளுக்குக் கோடாலி பிடிக்கத் தெரியாது, படகு வலிக்கத் தெரியாது, கொசுவலைத் தொப்பியில் பார்க்கச் சகிக்காது. ஆனால் முன்பின் தெரியாத எவனோ குளிரக்கூடாது என்று கிழிந்த காலோடு ஒரு நாள் முழுக்க விறகு பிளந்தவன். நீ அவனைக் கட்டிக்கொள். ஊன்றுகோலோடு மணமேடைக்கு வந்தாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் போய்ப் பார்க்கிறேன், சூப் கொண்டு போகிறேன், நேற்று இரண்டு கிண்ணம் குடித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல அத்தை" என்று ஆரம்பித்தான். "வாயை மூடு, பரவாயில்லைன்னு சொல்லாதே, வலிச்சுதா இல்லையா சொல்லு" என்று அதட்டினேன். ரொம்ப யோசித்துவிட்டு, "செத்துடுவேன்னு நினைச்சேன் அத்தை" என்றான். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

நான் வருவேன் என்று எழுதிவிட்டேன். ஆனால் அப்பாவைப் பற்றி இதைப் படித்த பிறகு நான் வரவேண்டுமா என்று முடிவு செய்கிறவள் நீ. அழைக்காவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டேன். நீயும் அவனும் நன்றாக இருங்கள். உங்கள் வீட்டில் வலிக்கிறவர் கத்தட்டும், கேட்கிறவர் ஓடி வரட்டும்.

திட்டி எழுதினாலும் சரி மகளே. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா ஹெல்வி