தொப்பிக்கு மேலே நாலு விரல்

கொட்டாஞ்சேனை
1937 ஓகஸ்ட் 11

அன்பும் கண்ணியமும் நிறைந்த மச்சானுக்கு லுத்பியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். பம்பாயில் உங்கள் சுகத்துக்கும் மாணிக்க வியாபாரத்தின் பறக்கத்துக்கும் விருத்திக்கும் துஆச் செய்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதக் கை வரவில்லை.

நம் மகள் ஹபீலாவின் இருமல் விடவில்லை. பின்னேரமானால் காய்ச்சல் வருகிறது. பத்து நாளுக்கு முன் துப்பியதில் இரத்தம் கண்டேன். டொக்டர் சவுந்தரநாயகம் சயரோகம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மருந்துக்கு முன் அறை மாறவேண்டும் என்றார். தடித்த திரைகளையும் கம்பளத்தையும் கழற்றி வெயிலில் போட்டேன். அலுமாரியை வெளியே எடுத்தாயிற்று. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இதற்கெல்லாம் நீங்கள் கோபிக்க மாட்டீர்கள்.

அடுத்ததை எழுதத்தான் பயமாயிருக்கிறது. அவள் பெரிய பிள்ளையானபோது, ஒழுங்கையில் போகிறவர்கள் பார்க்கக் கூடாதென்று நீங்கள் செங்கல் வைத்து அடைப்பித்தீர்களே, அந்த யன்னலைத் திறக்கச் சொன்னார் டொக்டர். உங்கள் தம்பி றவூப் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, ஆண்களின் கண் எட்டாத உயரத்தில் என்றால் சரி என்றார். தானே ஒழுங்கையில் போய் விறைப்பாக நின்றார். அவருடைய துருக்கித் தொப்பிக்கு மேலே நாலு விரல் விட்டு, யன்னலின் அடி இதுதான் என்று மேசன் வின்சன்ற் பாஸ் கோடு போட்டார். அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

யன்னல் வந்தது. வெயில் எதிர்ச் சுவரின் உச்சியில் விழுந்தது. கட்டில் பழையபடி இருட்டில். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, இருமுவது கூரையா பிள்ளையா என்று கேட்டார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

நேற்று றவூப் கடைக்குப் போன நேரம் பாஸைக் கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று, கட்டில் மட்டத்துக்கு இறக்கி வெட்டச் சொன்னேன். ஓம், நான்தான் சொன்னேன். ஹபீலாவில் பிழையில்லை. வேணாம் உம்மா, வாப்பா ஏசுவார் என்று அவள் அழுதாள். இன்று காலை முகத்தில் வெயில் படத் தூங்கினாள். தூக்கத்திலும் முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

றவூப் பார்த்துவிட்டுச் சோறும் தின்னாமல் போய்விட்டார். உங்களுக்கு எழுதப் போகிறாராம். இருமல் ஒழுங்கை முழுக்கக் கேட்கிறது, நாளைக்கு இவளை யார் பெண் கேட்டு வருவார் என்று கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் பிள்ளை மௌத்தாகி நம்மை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் வந்தபிறகு, மற்றப் பயங்களுக்கு மனதில் இடமில்லை.

மச்சான், றவூபின் கடிதத்தைப் படித்ததும் யன்னலை அடைக்கச் சொல்லித் தந்தி அடித்துவிடாதீர்கள். அடுத்த கப்பலில் நீங்களே வாருங்கள். வந்து எவ்வளவும் ஏசுங்கள், நானும் மகளுமாக இரண்டு பேரும் தலைகுனிந்து கேட்கிறோம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேராக இருக்க வேண்டும் என்றுதான் ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் அழுகிறேன். நீங்களும் கேளுங்கள்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்
லுத்பியா