ரேஸ் கார் படத்துக்குப் போட்ட மாலை

1979, புரட்டாசி அமாவாசை

மாடி அறையில் குடியிருக்கும் வெள்ளைக்காரரிடம் பழைய படம் ஒன்று இருக்கிறது. கடற்கரை மணலில் நீண்ட ரேஸ் கார், அதற்குள் தோல் தொப்பியும் முகத்தை மறைக்கும் கண்ணாடியுமாக ஒருவர். வேகப் பந்தயத்தில் அண்ணன் இறந்ததாக அவர் முன்பே சொல்லியிருந்தார். பாவம், அந்த அண்ணனுக்கு இன்று யார் திதி கொடுப்பார்கள் என்று, அறையைப் பெருக்கும்போது படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டேன்.

வெள்ளைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "அம்மா, இது நான். அண்ணன் படம் பெட்டியில இருக்கு."

"உயிரோட இருக்கிறவருக்கே மாலை போட்டுட்டியே!" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

கழற்றப் போனேன். "இருக்கட்டும்மா, நல்ல வாசனை" என்று அவர் தடுத்துவிட்டார்.

அண்ணாமலையாரே, தெரியாமல் செய்துவிட்டேன். தினமும் அவர் இருமல்தான் என் தூக்கத்தைக் கெடுக்கும். இன்று அதற்காகவே காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் இருமவில்லை.