தீபாவளிக்குக் கொடுத்த தேனடை

1955 டிசம்பர் 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். புழு அறை சில்லிட்டிருந்தது. இன்னொரு அரிக்கேன் விளக்கு ஏற்றினேன். மேஜைக்கால் கிண்ணங்களில் தண்ணீர் மாற்றியாயிற்று, எறும்பு ஏறாமலிருக்க. பெட்டி 1 முதல் 4 வரை புழுக்கள் நல்ல கொழுப்பு. 5-இல் கூடு. 6-இல் அந்துப்பூச்சி வெளியே வந்துவிட்டது. முட்டையிட மடித்த காகிதம் வைத்தேன்.

டாக்டர் திங்களன்று ஊரிலிருந்து திரும்புகிறார். குஷ்டக் கிருமிக்கு மெழுகுத் தோல். இந்தப் புழு மெழுகையே தின்று செரிக்கிறது. எப்படி என்று தெரிந்தால் மருந்துக்கு வழி பிறக்கும் என்பது அவர் கட்சி. போகும்போது சொன்னது: "புழு போச்சுன்னா ஆராய்ச்சியும் போச்சு. பாத்துக்கோ."

இன்று நான் பேசியது மொத்தம் நாலு வாக்கியம். அதில் மூன்று, புழுக்களிடம்.

7, புதன்

தபால் இல்லை. மாமல்லபுரத்திலிருந்து அக்காள் ஒரு வரி எழுதியிருக்கலாம். புழுவுக்குத் தீனியாகப் பழைய தேனடை வாங்கப் போன இடத்தில், தேன் சொட்டுகிற அடையாகப் பார்த்துத் தனியே எடுத்து, ஓலைப்பெட்டியில் கட்டி, தீபாவளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்ன வயதில் தேனடை என்றால் உயிரை விடுவாள். நல்லா இருந்தது என்று எழுத ஒரு கார்டு கூடவா இல்லை.

சோப்பு. விளக்குத் திரி. செருப்பு தைக்க வேண்டும்.

8, வியாழன்

ஆபீஸுக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொசு மருந்து அடிக்கிறவர்கள் வந்து போயிருக்கிறார்கள். சுவரெல்லாம் வெள்ளைப் படிவு. பெட்டிகளின் வலை மேலும். கதவில் சாக்கட்டியால் இன்றைய தேதி.

கத்தினேன். காவலுக்கு இருக்கிற ஆறுமுகம், இந்தக் குஷ்ட ஆஸ்பத்திரியில் நோய் குணமாகி இங்கேயே தங்கிவிட்டவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார் தொறந்து வுட்டேன். என் கையால தண்ணி வாங்கிக் குட்ச்சாங்க சார். அப்டியாப்பட்டவங்கள வேணாம்னு எப்டி சொல்றது?"

அதற்குமேல் கத்த முடியவில்லை. இரண்டு வருஷமாக எனக்குத் தனிக் கூஜா. அவர் கையால் நான் குடித்ததில்லை.

9, வெள்ளி

பெட்டி 1 முதல் 6 வரை: உயிர் இல்லை. சில புழுக்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. சாயங்காலம் அவையும்.

அழுகை வந்தது. புழுவுக்காக அழுகிறவன் இந்தச் செங்கல்பட்டிலேயே நான் ஒருவன்தான்.

11, ஞாயிறு

புழு பிடித்த பழைய அடை ஏதாவது கிடைக்குமா என்று திருக்கழுக்குன்றத்தில் தேன் எடுக்கிறவரைப் பார்த்தேன். "மழைல ஏதுங்க அடை? தை பொறக்கட்டும்." நாளை டா. வருகிறார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதே சாலையில் மாமல்லபுரம் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அக்காள் வழக்கம்போல் மாட்டுக்கொட்டகையில் பலகை போட்டாள். வாழையிலை. எனக்கென்று ஆணியில் மாட்டியிருக்கும் டம்ளர். ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதிலிருந்து இப்படித்தான்.

சாப்பிடும்போது நிமிர்ந்தேன். உத்தரத்தில் ஓலைப்பெட்டி. முடிச்சு நான் போட்டது.

இறக்கித் திறந்தேன். அடை முழுக்க வெள்ளை நூலாம்படை, உள்ளே நெளிகிற புழுக்கள். அதே மெழுகுப்புழு! பெரிசு, சிறிசு, எல்லாப் பருவமும். "அக்கா, பொழச்சேன்!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாடா அது, புழுவா? கருமம்!"

பிறகுதான் உறைத்தது. முடிச்சை அவள் அவிழ்க்கவே இல்லை.

அக்காள் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒங்க மாமா, அந்த ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தது, வூட்டுக்குள்ள எடுத்தாராதன்னுட்டாரு. தூக்கிப் போடவும் மன்சு வர்ல. நீ குட்த்ததாச்சே."

டம்ளரை நானே கழுவி ஆணியில் மாட்டினேன். பஸ்ஸில் வழியெல்லாம் பெட்டி மடியில்.

12, திங்கள்

டா. வந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. ஓலைப்பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "பேஷ். எங்கே கிடைச்சுது?"

"அக்கா வீட்ல, சார்."

"நல்ல தேனடையாச்சே. ஒரு மாசமா யாருமே தொடலையா?"

"மறந்துட்டாங்க, சார்."

சாயங்காலம் ஆறுமுகத்திடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். நம்பவில்லை போலும். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.